உதிரத் தெரிந்த செல்கள்

நீளம் ஒரு மில்லிமீட்டர்தான். அழுகும் பழங்களிலும் மண்ணிலும் பாக்டீரியாவைத் தின்று வாழும் உருளைப்புழு. சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ் என்று பெயர். சுருக்கமாக சி. எலிகன்ஸ். அதன் உடம்பு கண்ணாடி மாதிரி இருப்பதால், உயிரோடு இருக்கும்போதே உள்ளே இருக்கும் ஒவ்வொரு செல்லையும் நுண்நோக்கியில் பார்த்துவிடலாம். 1960களில் சிட்னி பிரென்னர் இந்தப் புழுவை ஆராய்ச்சிக்குத் தேர்ந்தெடுத்தார். கேம்பிரிட்ஜில் அவரோடு வேலைபார்த்த ஜான் சல்ஸ்டன், புழுவின் கருவை நுண்நோக்கிக்குக் கீழே வைத்து, எந்த செல் எப்போது பிரிகிறது, பிரிந்த இரண்டும் எங்கே போகின்றன என்று பார்த்துப் பார்த்துத் தாளில் வரைந்தார். தினமும் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். இப்படி ஒன்றரை ஆண்டு. ஒரு முட்டை எப்படி ஒரு புழுவாகிறது என்ற முழு வம்சாவளி 1983இல் வெளியானது.

அந்தக் கணக்கில் ஒரு எண் வந்து நின்றது. இனப்பெருக்க செல்களை விட்டுவிட்டால், புழு வளர்ந்து முடிவதற்குள் அதன் உடலில் 1,090 செல்கள் பிறக்கின்றன. ஆனால் வளர்ந்த புழுவில் இருப்பது 959தான். மீதி 131 செல்கள் வழியிலேயே இறந்துபோகின்றன. எந்தப் புழுவை எடுத்தாலும் அதே 131. அதே செல்கள், அதே இடம், அதே நேரம். அவற்றில் 105 செல்கள் நரம்பு செல்களாகியிருக்க வேண்டியவை. அவற்றுக்கு நோயில்லை, காயமில்லை, உணவுக்கும் குறைவில்லை. பிறந்து ஒரு மணி நேரம் ஆவதற்குள் பல செல்கள் சுருங்கி உருண்டையாகி விடுகின்றன. பக்கத்து செல் அதை விழுங்கிவிடுகிறது. அப்புறம் அங்கே ஒன்று இருந்த தடமே இருப்பதில்லை.

இப்படி இம்மி பிசகாமல் நடக்கும் ஒன்றை விபத்து என்று சொல்ல முடியாது. சாவு என்பது செல்லுக்கு வெளியிலிருந்து நேர்வது என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தோம். விஷம், சூடு, கிருமி, ரத்த ஓட்டம் நின்றுபோவது, இப்படி ஏதோ ஒன்று வந்து அதைக் கொல்கிறது என்று. இந்த 131 செல்களோ சாவதை ஒரு வேலையாகச் செய்கின்றன. வேலை என்றால் அதற்குக் கருவி வேண்டும், உத்தரவு வேண்டும், முடிந்தபின் கூட்டிப்பெருக்க ஆள் வேண்டும். இவை மூன்றும் செல்லுக்கு இருக்கின்றன. அதைவிட முக்கியமான ஒன்று பின்னால் தெரியவந்தது. இந்தக் கருவி சாகப்போகும் செல்லில் மட்டும் இல்லை. ஏறக்குறைய எல்லா செல்லிலும் எப்போதும் தயாராக இருக்கிறது. ஆகவே செல் ஏன் சாகிறது என்பதைவிட, அது இவ்வளவு நாள் சாகாமல் எப்படி இருக்கிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

செல் சாகும் விதத்தில் இரண்டு வகை உண்டு என்று முதலில் தெளிவாகக் கண்டவர் ஜான் கெர் என்ற ஆஸ்திரேலிய நோயியலாளர். எலியின் ஈரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் சிரையின் கிளைகளைக் கட்டிவிட்டு, ஈரல் செல்களுக்கு என்ன ஆகிறது என்று 1960களில் பார்த்தார். சில இடங்களில் செல்கள் கூட்டமாக வீங்கி வெடித்துக் கிடந்தன. சுற்றிலும் அழற்சி. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் மற்ற இடங்களில் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தனித்தனி செல்கள் வேறு மாதிரி செத்திருந்தன. வீங்கவில்லை, சுருங்கியிருந்தன. உடைந்து சிதறாமல், சவ்வு மூடிய சின்னச் சின்ன உருண்டைகளாகப் பிரிந்திருந்தன. அக்கம்பக்கத்து செல்கள் அவற்றை விழுங்கியிருந்தன. அழற்சியின் அடையாளமே இல்லை.

ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ வைலி, அலஸ்டேர் கரி ஆகியோருடன் சேர்ந்து 1972இல் கெர் எழுதிய கட்டுரையில் இதற்கு 'அப்போப்டோசிஸ்' என்று பெயர் வைத்தார்கள். சொல்லைக் கொடுத்தவர் அதே பல்கலைக்கழகத்தின் கிரேக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கார்மக். மரத்திலிருந்து இலையோ பூவிலிருந்து இதழோ உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது.

தமிழில் இதைச் சொல்வது சுலபம் என்று எனக்குத் தோன்றுகிறது. காற்றில் கிளை 'முறிகிறது', பழுத்த இலை 'உதிர்கிறது'. இரண்டும் கீழேதான் விழுகின்றன, ஆனாலும் ஒரு சொல்லை இன்னொன்றின் இடத்தில் நாம் போட மாட்டோம். முறிவது வெளியிலிருந்து வரும் வலிமையால். உதிர்வதற்கு மரமே ஏற்பாடு செய்கிறது. பச்சையத்தைக் கலைத்து, இலையில் இருக்கும் சத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. காம்பின் அடியில் ஒரு மெல்லிய பிரிவு அடுக்கை உண்டாக்குகிறது. இலை விழுந்த இடத்தை மூடிவிடுகிறது. பாடநூல்களில் செல் தன்மடிவு, திட்டமிட்ட செல் இறப்பு என்றெல்லாம் இருக்கிறது. தவறில்லை. ஆனால் செல் உதிர்வு என்று சொன்னால் பாதி விளக்கம் அந்தச் சொல்லிலேயே வந்துவிடுகிறது. இந்தக் கட்டுரையில் அப்படியே எழுதுகிறேன்.

பெயர் கிடைத்தது. கருவி கிடைக்கவில்லை. அதற்குத்தான் மறுபடியும் புழுவிடம் போக வேண்டியிருந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ராபர்ட் ஹோர்விட்ஸும் அவர் மாணவர்களும், அந்த 131 செல்களும் சாகாமல் தங்கிவிடும் புழுக்களைத் தேடினார்கள். கிடைத்தன. செட்-3 என்ற ஒரு மரபணு பழுதானால் போதும், சாக வேண்டியவை எல்லாம் பிழைத்துக்கொள்கின்றன. செட்-4 பழுதானாலும் அப்படியே. 1986இல் இது வெளிவந்தபோது ஒரு விஷயம் உறுதியானது. செல் சாவதற்கென்றே மரபணுக்கள் இருக்கின்றன. அவை இல்லாவிட்டால் சாவும் இல்லை.

1992இல் வந்த அடுத்த கண்டுபிடிப்புதான் என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் நடுநாயகம். செட்-9 என்ற இன்னொரு மரபணு. அது வேலைசெய்யாத புழுவில் 131 செல்கள் மட்டுமல்ல, வாழ வேண்டிய செல்களும் கூட்டம் கூட்டமாகச் சாகின்றன. கருவே அழிந்துபோகிறது. ஆனால் அதே புழுவில் செட்-3ஐயும் பழுதாக்கிவிட்டால், எல்லா செல்லும் பிழைத்துக்கொள்கின்றன. அப்படியானால், வாழும் செல்களிலும் சாவுக்கான கருவி இருக்கிறது, அதை செட்-9 அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கையை எடுத்தால் போச்சு. 131 செல்களில் நடப்பது அந்தக் கை எடுக்கப்படுவதுதான். அதை எடுக்க வைக்கும் புரதத்துக்கு எக்ல்-1 என்று பெயர், 1998இல் கண்டுபிடித்தார்கள். இந்த வேலைகளுக்காக பிரென்னர், ஹோர்விட்ஸ், சல்ஸ்டன் மூவருக்கும் 2002இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

புழுவின் கதை புழுவோடு நின்றிருந்தால் அது ஒரு சுவாரசியமான தகவல், அவ்வளவுதான். நிற்கவில்லை. அதே காலத்தில், சம்பந்தமே இல்லாத ஒரு மூலையில், புற்றுநோய் ஆராய்ச்சியாளர்கள் ஒரு விசித்திரமான மரபணுவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஃபாலிகுலர் லிம்ஃபோமா என்பது நிணநீர் முடிச்சுகளில் வரும், மெதுவாக வளரும் ஒரு புற்றுநோய். இந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்கு 14ஆம் குரோமோசோமும் 18ஆம் குரோமோசோமும் உடைந்து இடம் மாறி ஒட்டியிருக்கும். அந்த ஒட்டுப்போட்ட இடத்தில் இருந்த மரபணுவுக்கு பிசிஎல்-2 என்று பெயர் வைத்தார்கள். எதிர்ப்பொருள் தயாரிக்கும் மரபணுவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டதால் அது ஓயாமல் வேலைசெய்தது. புற்றுநோய் மரபணு என்றால் செல்லை வேகமாகப் பெருக வைக்கும் என்பதுதான் அதுவரை இருந்த அனுபவம். பிசிஎல்-2 அப்படிச் செய்யவில்லை. மெல்போர்னில் டேவிட் வாக்ஸ், சூசன் கோரி, ஜெர்ரி ஆடம்ஸ் மூவரும் 1988இல் அதை ரத்த செல்களுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். வளர்ச்சிக்கான சமிக்ஞையை நிறுத்திவிட்டால் சாதாரண செல்கள் சில நாட்களில் செத்துப்போகும். பிசிஎல்-2 உள்ள செல்கள் பெருகவும் இல்லை, சாகவும் இல்லை. சும்மா இருந்தன.

புற்றுநோய்க்கு வேகமாகப் பெருகுவது ஒரு வழி. உதிர மறுப்பது இன்னொரு வழி. அந்தச் சோதனை சொன்னது அதைத்தான். 1992இல் வாக்ஸும் கூட்டாளிகளும் மனிதனின் பிசிஎல்-2 மரபணுவை எடுத்து உருளைப்புழுவுக்குள் வைத்தார்கள். சாக வேண்டிய புழு செல்கள் சில சாகாமல் நின்றன. மனிதனின் வம்சமும் புழுவின் வம்சமும் பிரிந்து பல கோடி ஆண்டுகள் ஆகின்றன. இருந்தும் ஒன்றின் பூட்டு இன்னொன்றின் கதவுக்குப் பொருந்தியது. செட்-9இன் உறவுக்காரன்தான் பிசிஎல்-2. செட்-3க்கும் மனிதனில் உறவு உண்டு என்று அடுத்த ஆண்டே ஜுன்யிங் யுவானும் ஹோர்விட்ஸும் காட்டினார்கள்.

மனித செல்லில் இந்தக் கருவி எப்படி வேலைசெய்கிறது என்று பார்க்கலாம். இந்தப் பகுதியில் பெயர்கள் கொஞ்சம் அதிகம். நான்கைந்து பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறேன்.

வெட்டும் கத்தி, காஸ்பேஸ் என்ற நொதிகள். நம் உடலில் பத்துப் பன்னிரண்டு காஸ்பேஸ்கள் உண்டு. எல்லாமே சாவுக்கானவை அல்ல. அழற்சி வேலை பார்ப்பவையும் இருக்கின்றன. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த மாலை. அதில் ஆஸ்பார்ட்டிக் அமிலம் வரும் இடம் பார்த்து, அதற்கு அடுத்தாற்போல் காஸ்பேஸ் வெட்டும். கண்ட இடத்தில் வெட்டாது. இவை செல்லில் எப்போதும் உறையில் இட்ட கத்தியாகக் கிடக்கின்றன. ஒரு காஸ்பேஸை எழுப்பினால் அது அடுத்ததை எழுப்பும், அது இன்னும் பலவற்றை எழுப்பும். சரவெடியின் திரியில் நெருப்பு வைத்த மாதிரி. ஆகவே முதல் காஸ்பேஸை யார் எழுப்புவது என்பதில்தான் எல்லாக் கட்டுப்பாடும் இருக்கிறது.

அந்த எழுப்பும் இடம் மைட்டோகாண்ட்ரியா என்று தெரியவந்தபோது பலர் நம்பவில்லை. மைட்டோகாண்ட்ரியா செல்லுக்குச் சக்தி தரும் உலை. அதில் சைட்டோகுரோம் சி என்ற சின்னப் புரதம் எலக்ட்ரான்களைக் கைமாற்றிக் கொடுக்கும். சுவாசிப்பதற்கு அது இல்லாமல் முடியாது. செல்லை அரைத்து எடுத்த சாற்றில் காஸ்பேஸை எழுப்புவது எது என்று ஷியாவ்டாங் வாங் பிரித்துப் பிரித்துத் தேடியபோது கையில் சிக்கியது இதே சைட்டோகுரோம் சி. ஆண்டு 1996. மைட்டோகாண்ட்ரியாவுக்கு உள்ளே இருக்கும்வரை உயிர் கொடுக்கும் புரதம், வெளியே கசிந்தால் சாவுக்கான அறிவிப்பாகிவிடுகிறது. செல்லுக்கு இதைவிட நம்பகமான அபாய மணி கிடைக்காது என்றுதான் நினைக்கிறேன். உலையின் சுவர் உடைந்தால் மட்டுமே வெளிவரும் பொருள் அது.

சுவரை உடைப்பவை பாக்ஸ், பாக் என்ற இரண்டு புரதங்கள். அவை பிசிஎல்-2இன் சொந்தச் சகோதரர்கள், குணம் மட்டும் நேரெதிர். அடக்கிவைக்கப்பட்டிருக்கும்வரை அமைதியாக இருக்கும். விடுபட்டால் ஒன்றோடொன்று சேர்ந்து மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் துளைபோடும். பிசிஎல்-2 அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. செல்லுக்கு ஏதாவது கேடு வந்தால், பிம், பூமா என்று சின்னச் சின்ன தூதுப் புரதங்கள் கிளம்பும். அவை பிசிஎல்-2இன் உடம்பில் இருக்கும் ஒரு பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிசிஎல்-2இன் கை அவற்றைப் பிடிப்பதில் மாட்டிக்கொள்ள, பாக்ஸும் பாக்கும் நழுவிவிடும். புழுவில் எக்ல்-1 செய்த அதே வேலை. அந்தப் பள்ளத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

துளை விழுந்தால் சுமார் ஐந்து நிமிடத்துக்குள் செல்லின் மைட்டோகாண்ட்ரியாவெல்லாம் சைட்டோகுரோம் சியைக் கொட்டிவிடும். வெளிவந்த சைட்டோகுரோம் சி, ஏபாஃப்-1 என்ற புரதத்தோடு சேரும். புழுவின் செட்-4க்கு உறவான இது ஏழு ஏழாகக் கூடி ஒரு சக்கரம் மாதிரி அமைகிறது. நடுவில் காஸ்பேஸ்-9 வந்து உட்காரும், எழும், காஸ்பேஸ்-3ஐ எழுப்பும். அதன்பிறகு பெரும்பாலும் திரும்ப வழியில்லை.

காஸ்பேஸ்-3 வெட்டும் புரதங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அந்தப் பட்டியலைப் பார்த்தால் ஒரு வீட்டைக் காலிசெய்கிற ஒழுங்கு தெரிகிறது. உட்கருவின் உள்சுவரைத் தாங்கும் லாமின் வெட்டப்படுகிறது, உட்கரு குலைகிறது. டிஎன்ஏவை வெட்டும் ஒரு நொதி காவல் புரதத்தின் பிடியில் இருக்கும். காவல் வெட்டப்பட, அது போய் டிஎன்ஏவைச் சுமார் 180 இணை எழுத்துகளின் மடங்குகளாகத் துண்டுபோடுகிறது. ஆய்வுக்கூடத்தில் ஜெல்லில் ஓட்டினால் அந்தத் துண்டுகள் ஏணிப்படி மாதிரி வரிசையாகத் தெரியும். 1980இல் வைலி காட்டியது அது. செல்லின் எலும்புக்கூடு போன்ற இழைகள் இழுபட்டு, சவ்வு கொதிக்கும் கஞ்சியில் குமிழி எழும்புவதுபோல் எழும்பும். கடைசியில் செல் உருண்டைகளாகப் பிரியும். இவ்வளவுக்கும் சவ்வு கிழியாது. உள்ளே இருப்பது வெளியே சிந்தாது.

சிந்தாமல் இருப்பதற்கு ஏன் இவ்வளவு பாடு? செல்லின் உள்சரக்கு வெளியே கொட்டினால் உடல் அதை ஆபத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ளும். நோய் எதிர்ப்பு செல்கள் ஓடிவரும், சண்டை நடக்கும், அக்கம்பக்கத்துத் திசுவும் புண்ணாகும். உதிர்வில் அது நடக்கக் கூடாது. அதனால் சாகும் செல் தன்னை எடுத்துப்போகச் சொல்லி அடையாளமும் வைக்கிறது. செல் சவ்வு இரட்டைப் படலம். பாஸ்பட்டைடில்செரின் என்ற கொழுப்பு உயிருள்ள செல்லில் உட்படலத்தில் மட்டும் இருக்கும். வெளியே வந்தால் உள்ளே தள்ளிக்கொண்டே இருக்க ஒரு பம்பு ஓடும். காஸ்பேஸ் அந்தப் பம்பை நிறுத்தி, இரண்டு படலத்தையும் கலக்கும் வேறொரு புரதத்தைத் திறந்துவிடுகிறது. கொழுப்பு வெளியே வந்து நிற்கிறது. பெருவிழுங்கி செல்கள் அதைத் தொட்டுப் பார்த்து விழுங்கிவிடுகின்றன. விழுங்கும்போதே அழற்சியை அடக்கும் பொருள்களையும் சுரக்கின்றன. இந்தத் துப்புரவு நின்றுபோனால் உதிர்ந்த செல்கள் கிடந்து அழுகி உடைகின்றன. அவற்றின் டிஎன்ஏவையும் புரதங்களையும் எதிரி என்று நினைத்து உடல் தாக்கத் தொடங்குகிறது. லூப்பஸ் என்ற தன்னெதிர்ப்பு நோய்க்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று கருதப்படுகிறது.

செல்லுக்கு வெளியிலிருந்து உத்தரவு வரும் வழியும் இருக்கிறது. செல்லின் மேற்பரப்பில் ஃபாஸ் போன்ற ஏற்பிகள் இருக்கின்றன. எதிரில் வரும் நோய் எதிர்ப்பு செல் அதைப் பிடித்து அழுத்தினால், மைட்டோகாண்ட்ரியாவைக் கேட்காமலே காஸ்பேஸ்-8 எழுந்துவிடும். கொல்லும் டி செல்கள் இன்னும் நேரடியானவை. வைரஸ் புகுந்த செல்லின் சவ்வில் துளைபோட்டு கிரான்சைம் என்ற நொதியை உள்ளே தள்ளும். அதுவும் ஆஸ்பார்ட்டிக் அமிலத்துக்கு அடுத்துத்தான் வெட்டும், காஸ்பேஸ் போலவே. அதாவது டி செல் வெளியிலிருந்து ஆயுதம் கொண்டுவந்தாலும், கடைசியில் செல்லின் சொந்தக் கத்தியைத்தான் உருவ வைக்கிறது.

சரி, முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். கத்தி எல்லா செல்லிலும் இருக்கிறது என்றால் அது உறையிலேயே இருப்பது எதனால்?

இதற்கான விடையின் முதல் நுனியைப் பிடித்தவர் ரீட்டா லெவி-மோன்டால்சினி. முசோலினியின் இனச் சட்டத்தால் பல்கலைக்கழக வேலை போனபின், டூரினில் தன் படுக்கையறையிலேயே ஒரு சின்ன ஆய்வுக்கூடம் வைத்துக் கோழிக்கருவை ஆராய்ந்தார். போர் நடந்துகொண்டிருந்தது. கருவின் ஒரு சிறகு மொட்டை வெட்டிவிட்டால், அந்தச் சிறகுக்குப் போக வேண்டிய நரம்பு செல்கள் குறைந்துபோகும் என்பது விக்டர் ஹாம்பர்கரின் சோதனையால் முன்பே தெரியும். அந்த செல்கள் உருவாகாமலே போகின்றன என்று ஹாம்பர்கர் நினைத்தார். லெவி-மோன்டால்சினி கண்டது வேறு. செல்கள் ஒழுங்காக உருவாகின்றன, கிளைவிட்டு சிறகைத் தேடிப் போகின்றன, போய்ச் சேர இடமில்லாமல் சாகின்றன. போர் முடிந்து ஹாம்பர்கர் அவரை அமெரிக்காவுக்கு அழைத்தார். அங்கே ஸ்டான்லி கோஹனோடு சேர்ந்து, நரம்பு செல்லுக்கு அந்த இலக்குத் திசு என்ன கொடுக்கிறது என்று பிரித்தெடுத்தார். நரம்பு வளர்ச்சிக் காரணி என்று பெயர். இருவருக்கும் 1986இல் நோபல் பரிசு.

முதுகெலும்புள்ள உயிர்களில் நரம்பு மண்டலத்தின் பல பகுதிகளில், பிறக்கும் நரம்பு செல்களில் ஏறக்குறைய பாதி இப்படிச் சாகின்றன. வீணடிப்பு என்று தோன்றும். ஆனால் எந்தத் தசைக்கு எத்தனை நரம்பு வேண்டும் என்று முன்கூட்டியே யாரும் எண்ணிவைக்க முடியாது. கூடுதலாக உண்டாக்கி அனுப்பினால், இடம் கிடைத்தவை பிழைக்கும், கிடைக்காதவை உதிரும், கணக்கு தானாகச் சரியாகும். நரம்புக்கு மட்டும் இல்லை இது. லண்டனில் மார்ட்டின் ராஃப் பலவகை செல்களைத் தனியே எடுத்து வளர்த்துப் பார்த்து, 1992இல் ஒரு துணிச்சலான கருத்தை முன்வைத்தார். நம் உடலின் பெரும்பாலான செல்கள், மற்ற செல்களிடமிருந்து 'இரு, இரு' என்று தொடர்ந்து சொல் வந்துகொண்டிருப்பதால்தான் உயிரோடு இருக்கின்றன. சொல் நின்றால் செல் தானே உதிர்ந்துவிடும். புழுவில் செட்-9 காட்டிய அதே உண்மை, உடல் முழுவதற்கும் விரிந்தது. வயிற்றுச் சுவர் செல் ஒன்று இடம் தவறி ரத்தத்துக்குள் போய்விட்டால், அங்கே அதை இருக்கச் சொல்ல யாருமில்லை. அதனால் பெரும்பாலும் அங்கே அது நிலைக்காது. செல்கள் தத்தம் இடத்தில் இருப்பதற்கு இதைவிட எளிய காவல் இருக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் இன்னும் கடுமையான வடிகட்டல். டி செல்களாகப் போகிறவை அங்கேதான் பயிற்சி பெறுகின்றன. 100இல் 95க்கும் மேற்பட்டவை வெளியே வருவதே இல்லை. சொந்த உடலின் புரதங்களோடு கொஞ்சமும் ஒட்டாதவை கவனிப்பாரின்றிச் சாகின்றன. சொந்த உடலோடு மிக இறுக்கமாக ஒட்டுபவை, நாளைக்கு நம்மையே தாக்கக்கூடியவை என்பதால் உதிர்க்கப்படுகின்றன.

ஒரு நாளைக்கு மொத்தமாக எத்தனை செல்கள் போய்ப் புதிதாக வருகின்றன? இஸ்ரேலின் வைஸ்மன் அறிவியல் நிறுவனத்தின் ரான் செண்டரும் ரான் மிலோவும் 2021இல் போட்ட கணக்குப்படி சுமார் 33,000 கோடி. எடையில் 80 கிராம். இவற்றில் பெரும்பங்கு ரத்த செல்கள், அடுத்தது குடலின் உட்சுவர் செல்கள். எல்லாமே காஸ்பேஸ் வழியில் போவதில்லை. கிழடாகிப்போன சிவப்பணுவை மண்ணீரலிலும் ஈரலிலும் பெருவிழுங்கிகள் நேரடியாக எடுத்துக்கொள்கின்றன. குடல் செல்கள் பலவும் உரிந்து விழுகின்றன. காவோலை விழக் குருத்தோலை சிரித்ததாம் என்பார்கள். உடம்புக்குள் அந்தச் சிரிப்புக்கு அவகாசமே இல்லை. குடல் சுவரில் குருத்து காவோலை ஆவதற்கு நான்கைந்து நாள்தான்.

விரல்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. கருவில் நம் கை முதலில் துடுப்பு மாதிரி இருக்கும். விரல்களுக்கு நடுவே உள்ள செல்கள் உதிர்ந்துதான் ஐந்து விரலும் தனித்தனியாக வருகின்றன. எலும்பு உருவாக்கப் புரதங்கள் என்று பெயருள்ள சமிக்ஞைகள் அங்கே உதிர்வுக்கு உத்தரவிடுகின்றன. வாத்தின் காலிலும் அந்தச் சமிக்ஞை உண்டு. ஆனால் கிரெம்லின் என்ற ஒரு புரதம் விரலிடையில் அதைத் தடுத்துவிடுகிறது, சவ்வு தங்கிவிடுகிறது. கோழிக்கால் கோழிக்காலாகவும் வாத்துக்கால் வாத்துக்காலாகவும் இருப்பது இந்த ஒரு தடையால்.

உதிர்வைத் தடுப்பதில் யாருக்கெல்லாம் லாபம் என்று பார்த்தால், முதலில் வைரஸ். தான் புகுந்த செல் செத்துப்போனால் அதற்குப் பெருக இடமில்லை. அதனால் பல வைரஸ்கள் பூட்டுகளைச் சுமந்துகொண்டே வருகின்றன. மாட்டம்மை வைரஸிடம் காஸ்பேஸை அடைக்கும் ஒரு புரதம் இருக்கிறது. எப்ஸ்டீன்-பார் வைரஸ் தன்னிடமே பிசிஎல்-2 மாதிரி ஒன்றை வைத்திருக்கிறது. இதற்கு நம் செல்லும் மாற்றுவழி வைத்திருக்கிறது. காஸ்பேஸ்-8 அடைபட்டது தெரிந்தால், எம்எல்கேஎல் என்ற புரதம் சவ்வைக் கிழித்துச் செல்லை வெடிக்க வைத்துவிடும். நெக்ரோப்டோசிஸ் என்று இதற்குப் பெயர். இங்கே அழற்சி தேவைப்படுகிறது, ஊரைக் கூட்ட வேண்டும். பைரோப்டோசிஸ், ஃபெரோப்டோசிஸ் என்று இன்னும் சில வகைகளும் இருக்கின்றன. அவற்றைத் தனியே எழுத வேண்டும்.

அடுத்தது புற்றுநோய். டிஎன்ஏ பழுதானால் பி53 என்ற புரதம் விழித்துக்கொண்டு, செல்லை நிறுத்திவைத்துச் சரிசெய்ய நேரம் கொடுக்கும். சரிசெய்ய முடியாவிட்டால் பூமா போன்ற தூதுப் புரதங்களை உற்பத்தி செய்யச் சொல்லும். மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இந்த பி53 மரபணு பழுதாகியிருக்கிறது. யானைக்கு நம்மைவிட எத்தனையோ மடங்கு செல்கள் அதிகம், நீண்ட ஆயுளும் உண்டு. புற்றுநோய் அதை வாட்டியெடுக்க வேண்டும், ஆனால் அரிதாகத்தான் வருகிறது. நமக்கு ஒன்றே ஒன்றாக இருக்கும் பி53 மரபணுவுக்கு யானையிடம் 20 பிரதிகள் இருப்பது 2015இல் வெளிவந்தது. யானை செல்களில் டிஎன்ஏவைக் கெடுத்தால் அவை மனித செல்களைவிடச் சுலபமாக உதிர்கின்றன. பழுதுபார்த்துக் கொண்டிருப்பதைவிடப் பழுதானதை விட்டுவிடுவது யானையின் வழி.

நாள்பட்ட நிணநீர் ரத்தப் புற்றுநோயில் செல்களுக்கு சாவதற்கான காரணங்கள் ஏராளம். தூதுப் புரதங்களும் நிறைய இருக்கின்றன. ஆனால் பிசிஎல்-2 அதைவிட நிறைய இருந்து எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கிறது. அதன் பள்ளத்தில் தூதுப் புரதத்துக்குப் பதிலாக ஒரு சின்ன மருந்து மூலக்கூறு போய் உட்கார்ந்தால்? பல ஆண்டுகள் இதற்கு உழைத்தார்கள். முன்னதாக வந்த நேவிடோகிளாக்ஸ் என்ற மருந்து பிசிஎல்-2ஐ மட்டுமல்லாமல் அதன் சகோதரன் பிசிஎல்-எக்ஸ்எல்லையும் அடைத்தது. ரத்தத் தட்டணுக்கள் மளமளவெனக் குறைந்தன. தட்டணுவுக்கு உட்கருவே கிடையாது, புதிய புரதம் அதிகம் தயாரிக்காது. எலும்பு மஜ்ஜையிலிருந்து கிளம்பும்போது கொண்டுவந்த பிசிஎல்-எக்ஸ்எல் கரையும்வரைதான் அதன் ஆயுள். மனிதனில் எட்டுப் பத்து நாள். அந்தக் கடிகாரத்தை மருந்து ஒரேயடியாக ஓட்டிவிட்டது. அப்புறம் மூலக்கூறை மாற்றியமைத்து, பிசிஎல்-2இன் பள்ளத்துக்கு மட்டும் பொருந்தும் வெனிடோகிளாக்ஸ் என்ற மருந்தை உருவாக்கினார்கள். 2016 ஏப்ரலில் அமெரிக்கா அனுமதித்தது.

அது வேலைசெய்த வேகம்தான் பிரச்சினையாயிற்று. பூட்டு திறந்ததும் கோடிக்கணக்கான செல்கள் சில மணி நேரத்தில் ஒன்றாக உதிர்ந்தன. பெருவிழுங்கிகளால் அத்தனையையும் எடுக்க முடியவில்லை. செல்லுக்குள் இருந்த பொட்டாசியம், பாஸ்பேட், யூரிக் அமிலம் எல்லாம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையும் இதயத்தையும் தாக்கின. ஆரம்பச் சோதனைகளில் சில நோயாளிகள் இதனால் இறந்துபோனார்கள். அதன்பின் அளவை மாற்றினார்கள். இன்று இந்த நோய்க்கு வெனிடோகிளாக்ஸ் தொடங்குகிறவருக்கு முதல் வாரம் தினம் 20 மில்லிகிராம்தான். அடுத்தடுத்த வாரங்களில் 50, 100, 200. ஐந்தாவது வாரத்தில்தான் முழு அளவான 400. முதல் மாத்திரைக்கு இரண்டு நாள் முன்பிருந்தே தினமும் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். உதிரப்போகும் செல்களைக் கழுவி வெளியேற்றச் சிறுநீரகம் தயாராக வேண்டும்.